சேரச் சொன்ன அண்ணனும் வேண்டாமென்ற அவனும்

உட்கார்ந்ததுதான் தெரியும். அடுத்த நொடி அவள் தரையில் கிடந்தாள்.

நாற்காலி என்று நம்பி உட்கார்ந்த அந்த வஸ்து ஒரு பக்கமாகச் சாய்ந்து, நடுவில் மடங்கி, அவளையும் கூட்டிக்கொண்டு கீழே போய்விட்டது. கைப்பை ஒரு மூலை, குடை ஒரு மூலை. நல்லவேளை, நடைகூடத்தில் யாருமில்லை என்று அவள் நினைத்து முடிப்பதற்குள்...

"ஐயோ! என் நாற்காலி!"

கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து ஒருவன் ஓடி வந்தான். முழங்கை வரை சுருட்டிவிட்ட சட்டை, விரல்களில் காய்ந்துபோன பசை. தூக்கிவிடத்தான் வருகிறான் என்று அவள் கையை நீட்டினாள். அவனோ மண்டியிட்டு, நாற்காலியின் மடங்கிய காலைத் தடவிப் பார்த்தான்.

"ஹலோ... விழுந்தது நான்."

"தெரியுது. நீங்க எழுந்துடுவீங்க. இது எழுந்திருக்காதே!"

அவளுக்குச் சுள்ளென்று வந்தது.

"அட்டையில நாற்காலி செஞ்சு நடுவழியில வெச்சா, மனுஷங்க உட்காரத்தான் செய்வாங்க. 'உட்காராதீங்க'ன்னு ஒரு சீட்டு ஒட்டக் கூடாதா?"

"மழை ஈரத்துல பசை காயல. காத்தாடட்டும்னு வெளிய வெச்சேன்..." என்று முனகியவன் சட்டென்று நிமிர்ந்தான். முகமே மாறியிருந்தது. "ஒரு நிமிஷம். ஒரே ஒரு கேள்வி. பார்த்ததும் உட்காரணும்னு தோணுச்சா? யோசிக்காமலேயா?"

"கால் வலிச்சுது, உட்கார்ந்தேன். இதுல என்ன யோசனை?"

"மாசக்கணக்கா இதோட மல்லுக்கட்டறேங்க. வர்றவங்க எல்லாம் சுத்திச் சுத்திப் பாக்கறாங்க. 'ஆஹா'ங்கறாங்க. ஒருத்தர்கூட உட்காரல. நீங்கதான் முதல் ஆள்!" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

இந்த மாதிரிக் கதைகளில் இந்த இடத்தில் நாயகி அவன் கண்களைப் பார்க்க வேண்டும். உலகம் ஒரு கணம் நின்றுபோக வேண்டும். அவளும் பார்க்கத்தான் செய்தாள். ஆனால் அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். ஊரார் முகத்துக்கு நேரே முகத்தை வைத்து, இரண்டு கருவிழிகளுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று அளப்பதுதான் அவள் பிழைப்பு. கண் என்றால் அவளுக்கு அளவு, அவ்வளவுதான். இவனுக்கு அறுபத்து நாலு மில்லிமீட்டர் இருக்கும் என்று மனசு தன்னால் கணக்குப் போட்டது. இடது கண் வலது கண்ணைவிடக் கொஞ்சம் சின்னது... சிரித்தால் இன்னும் சின்னதாகிறது... ஜன்னல் வழியே வந்த மழை வெளிச்சம் அதில் ஒரு சொட்டு தேங்கி நிற்கிறது... கணக்கு அளவைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்ததை அவள் கவனிக்கவில்லை. நாம் கவனித்துவிட்டோம்.

"ஸாரி... அடி ஏதும் படலையே?" என்று அவன் கேட்டது, நாற்காலியின் நான்கு கால்களையும் சோதித்து முடித்த பிறகு.

"ரொம்பச் சீக்கிரம் கேட்டுட்டீங்க," என்று சொல்லிவிட்டு, வலிக்கிற இடுப்பை வலிக்காததுபோல் காட்டிக்கொண்டு, விறுவிறுவென்று அலுவலக அறைப் பக்கம் நடந்தாள்.

அவள் அங்கே விழுவதற்காக வரவில்லை. ஒரு முடிவு எடுக்க வந்திருந்தாள்.

இரண்டு கல்லூரிகள் அவளுக்கு இடம் தந்திருந்தன. ஒன்று இது, வடிவமைப்புக் கல்லூரி. உள்ளே நுழைந்ததுமே சுவர் முழுக்க 'படிப்பு முடியும்போது வேலை கையில்' என்று கொட்டை எழுத்தில் எழுதிவைத்திருந்தார்கள். மருந்துப் பெட்டி, பள்ளிக்கூடப் பை, பேருந்து இருக்கை என்று நாலு பேர் கையில் புழங்குகிற பொருள்களைச் செய்யச் சொல்லித் தருகிற இடம். இன்னொன்று வெளியூரில் இருந்த ஓவியக் கல்லூரி. அங்கே நாள் முழுக்க வரையலாம். முடித்த பிறகு என்ன என்று கேட்டால் மட்டும் எல்லோரும் ஜன்னலைப் பார்ப்பார்கள். இங்கே சேர்வதா வேண்டாமா என்று வெள்ளிக்கிழமை மாலைக்குள் சொல்லியாக வேண்டும்.

வீட்டில் அண்ணன் எப்போதோ முடிவு செய்துவிட்டான். அவன் காப்பீட்டு அலுவலகத்தில் இருப்பவன். நாளைக்கு என்ன ஆகுமோ என்று பயப்படுவதற்கே சம்பளம் வாங்குகிறவன்.

"பேசாம டிசைன் காலேஜ்ல சேரு. படம் வரையறத யாரு வேண்டாம்னா? ஞாயித்துக்கிழமை வரைஞ்சுக்கோ."

அப்பாவும் அம்மாவும் அவன் பக்கம். அண்ணனுக்கு அவள்மேல் உயிர், தொல்லையே அதுதான். அவன் 'சேரு' என்று சொன்ன நாளிலிருந்து இந்தக் கல்லூரி அவளுக்குக் கசந்துபோயிற்று. ஆனால் அவன் சொன்னான் என்பதற்காகவே வேண்டாமென்றால், அது மட்டும் என்ன சொந்த முடிவா? சேர்ந்தாலும் சேராவிட்டாலும் காரணம் என்னுடையதாக இருக்க வேண்டும் என்று பிடிவாதமாகக் கிளம்பி வந்திருந்தாள்.

துறைத் தலைவியின் கையில் எப்போதும் ஓர் இரும்பு அளவுகோல் இருக்கும். மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் அளவுகோல் மேடம்.

"இந்தக் காலேஜ் எனக்கு ஒத்துவருமான்னு தெரிஞ்சுக்கணும் மேடம்."

"வாசல்ல அவ்வளவு பெருசா எழுதியிருக்கே, பாக்கலையா?"

"அது நீங்க எழுதினது மேடம்."

மேடம் அளவுகோலைக் கீழே வைத்தார். அந்தக் கல்லூரியில் அது அபூர்வம்.

"சரி. இந்த வாரம் மதிய நேரத்துல முதல் வருஷ வகுப்புக்கு வா. அவங்க செய்யறத நீயும் செய். யாரும் உனக்குச் சலுகை காட்ட மாட்டாங்க. வெள்ளிக்கிழமை நீயே வந்து சொல்லு. இப்ப உட்காரு."

"நாற்காலி கெட்டிதானே மேடம்?"

கதவருகே யாரோ இருமினார்கள். பார்த்தால் அவன்!

"இவன் கடைசி வருஷம்," என்றார் மேடம். "பட்டறையில சின்னப் பிள்ளைங்களுக்கு உதவியா இருக்கான். ஏதாவது வேணும்னா இவனக் கேளு."

இவனையா... என்று மனசுக்குள் முகத்தைச் சுளித்தாள். மனசுக்குள் சுளித்த முகம் வெளியே எப்படிச் சிரித்தது என்பது அவளுக்கே புரியவில்லை.

காலையில் கடை, மதியத்துக்கு மேல் பட்டறை என்று அந்த வாரம் ஓடியது. நீள நீளமான மேசைகள், பசை வாடை, அட்டைத் துணுக்குகள், வெளியே ஓயாத மழை. கேட்க வேண்டியதையெல்லாம் அவள் யாரையும் விடாமல் கேட்டாள். வரைய நேரம் கிடைக்குமா? தூங்கவே கிடைக்காது என்றாள் ஒருத்தி. படிப்பு பிடித்திருக்கிறதா? நேற்று பிடித்திருந்தது, இன்று இல்லை என்றாள் இன்னொருத்தி. செய்த பெட்டியை மூன்றாவது தடவையாக மேடம் திருப்பிக் கொடுத்ததில் ஒருவன் மூலையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்துவிட்டு நாலாவது பெட்டியை வெட்ட ஆரம்பித்தான். வாசல் சுவரில் எழுதாத இதையெல்லாம் அவள் பார்த்துவைத்துக்கொண்டாள்.

"கண்ணாடி, அந்த பிளேடை இப்படித் தள்ளுங்க," என்பான் அவன், அவள் எந்தக் கடையில் வேலை பார்க்கிறாள் என்று தெரிந்துகொண்டதிலிருந்து.

"எனக்குப் பேர் இருக்கு, நாற்காலி."

"எனக்கும்தான் இருக்கு. கேட்டீங்களா?"

கேட்கவில்லை. கேட்டுவிட்டால் இந்த விளையாட்டு முடிந்துபோய்விடுமோ என்று இருந்தது.

புதன்கிழமை மழை வலுத்தது. பட்டறைத் தாழ்வாரத்தில் டீயோடு நின்றார்கள்.

"நீங்க எப்படி இங்க வந்து மாட்டினீங்க?" என்று கேட்டாள்.

"எங்க வீட்டுக் கட்டில் ஒண்ணு ஆடிக்கிட்டே இருக்கும். அதை நிறுத்தக் கத்துக்கலாம்னு வந்தேன்."

"நின்னுச்சா?"

"இன்னும் ஆடுது. இப்ப ஏன் ஆடுதுன்னு தெரியும், அவ்வளவுதான்."

அவள் சிரித்த சிரிப்பில் டீ கையில் சிந்திற்று. அவன் கைக்குட்டையை நீட்டினான். அதில் ஒரு மூலைகூட பசை இல்லாமல் இல்லை. துடைத்த பிறகு கைக்குட்டை விரலோடு ஒட்டிக்கொண்டது. இருவரும் சேர்ந்து பிரிக்க வேண்டியதாயிற்று. அதற்கு அவ்வளவு நேரம் ஆகியிருக்க வேண்டியதில்லை.

"படிப்பு முடிஞ்சதும்?" என்று கேட்டாள், கையைப் பார்த்துக்கொண்டே.

"வேலை கிடைச்சாச்சு. அடுத்த மாசம் கிளம்பணும். வெளியூர்... ரயில்ல ஒரு ராத்திரி."

"நல்லது," என்றாள். சொல்லிவிட்டு, காலியான டம்ளரை மறுபடி வாயில் வைத்தாள். மூன்று நாள் பழக்கம், இதற்கு எதற்கு இந்த ஆர்ப்பாட்டம் என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். எந்த ஊர் என்று கேட்கவும் தோன்றவில்லை.

அந்த வார வேலை இதுதான். மேடம் மேசைமேல் இரண்டு சின்ன புட்டிகளை வைத்தார். இரண்டும் கண்ணுக்கு விடுகிற சொட்டு மருந்து.

"என் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருக்கு. இதுல ஒண்ணு காலையில விடணும், ஒண்ணு ராத்திரி விடணும். ரெண்டும் பாக்க ஒரே மாதிரி. எது எதுன்னு தினமும் என்னைக் கூப்பிட்டுக் கேக்கறாங்க. கேக்காம அவங்களே எடுக்கற மாதிரி செய்யணும். வியாழக்கிழமை அவங்களே இங்க வர்றாங்க."

கடைசி வாக்கியத்தில் மேடத்தின் குரல் கொஞ்சம் இறங்கியது. கல்லூரியே மேடத்துக்குப் பயப்படும். மேடம் யாருக்குப் பயப்படுவார் என்பது அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

அந்தக் கல்லூரியில் ஒரு வழக்கம் உண்டு. பொருளைச் செய்தவர் அதைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் சொல்லலாம். அப்புறம் அதை இன்னொருவர் பயன்படுத்தி முடிக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது. கடையில் வாங்கிக்கொண்டு போகிறவர் வீட்டுக்கெல்லாம் நீ கூடவே போய் விளக்கம் சொல்ல முடியாதல்லவா என்பது மேடத்தின் வாதம். மாணவர்கள் அதை வாய்ப்பூட்டு என்பார்கள்.

அவள் தனக்குத் தெரிந்ததைச் செய்தாள். கண்களை வரைந்தாள். காலை மருந்துக்கு அகலத் திறந்த ஒரு கண், கருவிழிக்குள் ஒரு துளிச் சூரியன். இரவு மருந்துக்குப் பாதி மூடிய கண், நீண்ட இமை முடி, ஓரத்தில் ஒரு நட்சத்திரம். கட்டைவிரல் அகலக் காகிதத்தில் அத்தனையும்! வகுப்பே சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது. நாற்காலிக்காரன் மட்டும் ஒன்றும் சொல்லாமல் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பொறாமை என்று நினைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை மாமியார் வந்தார். தடித்த கண்ணாடி, கணீரென்ற குரல்.

"இத்தனை பெரிய காலேஜ்ல உட்கார ஒரு நல்ல நாற்காலி இல்லையா?" என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே நுழைந்தார். மேடம் ஓடிப்போய்த் தன் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்.

அவள் முறை வந்தது. "திறந்த கண் காலை, மூடின கண் ராத்திரி," என்று தன் ஒரு வாக்கியத்தைச் சொன்னாள்.

"அடேயப்பா! கண்ணு எவ்வளவு அழகா இருக்கு! யாரும்மா வரைஞ்சது? நீயா?" என்று மாமியார் புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவளுக்குத் தலை கால் புரியவில்லை.

"அத்தை, இப்ப ராத்திரின்னு வெச்சுக்குங்க. மருந்த எடுங்க," என்றார் மேடம்.

மாமியார் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். முகத்தை அண்ணாந்துகொண்டு மேசையைத் துழாவினார். கையில் அகப்பட்டது காலைப் புட்டி. முகத்தருகே கொண்டுபோய்க் கண்ணை இடுக்கிப் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டு மூடியைத் திருகினார்.

"ஐயோ, அது இல்ல...!" என்று அவள் வாய்ப்பூட்டை மறந்து கத்திவிட்டாள்.

மேடத்தின் அளவுகோல் மேசையைத் தட்டியது.

"நான் என்னம்மா பண்றது?" என்றார் மாமியார். "கண்ணாடிய கழட்டினாத்தானே மருந்து விட முடியும்? கழட்டினப்புறம் திறந்த கண்ணும் ஒண்ணுதான், மூடின கண்ணும் ஒண்ணுதான். எனக்கு எல்லாம் ஒரே மசமசப்பு!"

அவள் முகம் ஜிவ்வென்று சிவந்தது. இது மற்றவர்களுக்குத் தோன்றாமல் போயிருந்தால் பரவாயில்லை. பொழுது விடிந்தால் மூக்குக்கண்ணாடி விற்கிறவள் அவள். கண்ணாடியைக் கழற்றினால்தான் கண்ணில் மருந்து விடலாம் என்பது அவளுக்கல்லவா முதலில் உறைத்திருக்க வேண்டும்? படம் அழகாக வர வேண்டும் என்று மட்டும்தான் நினைத்தாள். அந்த அம்மாவை நினைக்கவே இல்லை.

பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள். பின்னாலேயே காலடி ஓசை.

"கண்ணாடி... நில்லுங்க."

நின்றாள். ஆறுதலாக ஏதோ சொல்லப்போகிறான், சொன்னால் அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது.

"நீங்க... ஓவியக் காலேஜுக்கே போயிடுங்க," என்றான் அவன், அவள் முகத்தைப் பார்க்காமல். "இந்த இடம் உங்களுக்கு ஒத்துவராது."

வரவிருந்த அழுகை போன இடம் தெரியவில்லை.

"ஒரு தடவை தப்புப் பண்ணினா ஒத்துவராதா?"

"நான் அதுக்காகச் சொல்லல..."

"வேற எதுக்கு?"

கூரையிலிருந்து மழை ஒழுகிக்கொண்டிருந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ரொம்ப நன்றி," என்று சொல்லிவிட்டுக் குடையை விரிக்கக்கூட மறந்து நடந்தாள்.

அன்று இரவு சாப்பாட்டு மேசையில் அண்ணன் வழக்கம்போல் ஆரம்பித்தான்.

"என்ன, சரின்னு சொல்லிட்டியா?"

"சொல்லத்தான் போறேன்! சேர்ந்து காட்டறேன்!" என்று அவள் சீறியதில் அவன் கையிலிருந்த கரண்டி நின்றது. தன் பக்கம் பேசுகிறவள் எதற்கு இப்படிப் பாய்கிறாள் என்று பாவம், அவனுக்குப் புரியவில்லை.

படுத்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. அண்ணன் சேரு என்றதால் சேரக் கூடாது என்றிருந்தவள், இவன் சேராதே என்றதால் சேர்ந்தே தீருவேன் என்கிறாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுக்கிறார்கள்... நடுவில் நான் எங்கே? எனக்கு என்ன வேண்டும்? கண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டாள். ரோஷத்துக்குச் சேர்வதும் இல்லை, ரோஷத்துக்கு விடுவதும் இல்லை. அந்தப் புட்டியை ஒழுங்காகச் செய்து பார்த்துவிடுவது. அப்போது மனசு என்ன சொல்கிறதோ அதுதான் பதில். அப்படி நினைத்ததும் நெஞ்சு லேசானது.

வெள்ளிக்கிழமை காலை. கடையில் ஒருவர் புதுக் கண்ணாடிச் சட்டம் போட்டுப் பார்ப்பதற்காகத் தன் பழைய கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பார்த்து முடித்ததும் பழையதைத் தேடி மேசையில் கையை ஓட்டினார். பேனாவைத் தொட்டது, விலகியது. துடைக்கிற துணியைத் தொட்டது, விலகியது. கண்ணாடியின் காதுப் பக்கத்து நுனியில் மாட்டியிருந்த ரப்பர் உறை பட்டதும் விரல் நின்றது. சட்டென்று எடுத்து மாட்டிக்கொண்டார்.

அவள் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் போனதும் இழுப்பறையைத் திறந்தாள். கண்ணாடி வழுக்காமலிருக்கக் காதுப் பக்கம் மாட்டுகிற அந்த ரப்பர் உறைகள் ஒரு டப்பா நிறையக் கிடந்தன. ஒன்றை எடுத்து ஒரு துண்டு வெட்டி, கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தாள்.

மதியம் மேடத்தின் அறைக்குப் போய் நின்றாள். "இன்னொரு தடவை பாக்கணும் மேடம்."

"அத்தை இன்னொரு தடவை வரணுமா?" மேடம் முகத்தில் ஈயாடவில்லை.

ஆனால் மாமியார் உற்சாகமாகவே வந்தார். வீட்டில் சும்மா இருப்பதற்கு, நாலு பேரை அதட்டலாமே. மேசைமேல் இரண்டு புட்டிகள். படமில்லை, நிறமில்லை. ஒன்றின் கழுத்தில் மட்டும் ரப்பர் வளையம்.

"ரப்பர் இருந்தா ராத்திரி," என்றாள். அதோடு வாய்ப்பூட்டு.

மாமியார் கண்ணாடியைக் கழற்றினார். வாய் மட்டும் ஓயவில்லை. வீட்டு ஜன்னல் திரையை மருமகள் துவைத்து எத்தனை காலமாகிறது என்று விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சு போய்க்கொண்டே இருக்க, கை தன்பாட்டுக்கு மேசைக்குப் போயிற்று. முதல் புட்டியின் கழுத்தைத் தொட்டது, விட்டது. அடுத்ததைத் தொட்டது, எடுத்தது. முகத்தை அண்ணாந்து, சொட்டு விடுவதுபோல் சாய்த்து, மூடி, வைத்தும் ஆயிற்று. ஜன்னல் திரை இன்னும் முடியவில்லை. மேடம் புட்டிகளை இடம் மாற்றி வைத்தார். கை தப்பவே இல்லை.

"அவ்வளவுதானா? நான் கிளம்பட்டுமா?" என்று எழுந்துகொண்டார். அழகு என்று சொல்லவில்லை. யார் செய்தது என்று கேட்கவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அவள் வரைந்த படத்தைப் பார்த்து எத்தனையோ பேர் ஆஹா சொல்லியிருக்கிறார்கள். அப்போதெல்லாம் சந்தோஷம்தான், ஆனால் அது தன்னைப் பற்றிய சந்தோஷம். இது வேறு. ஒரு மனுஷி தன் பேச்சை நிறுத்தாமலே மருந்தை எடுத்துவிட்டாள். யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. இதை இன்னொரு தடவை செய்ய வேண்டும், இன்னும் நூறு தடவை செய்ய வேண்டும் என்று கை பரபரத்தது. யார் சொல்லியும் வந்த பரபரப்பு இல்லை அது.

"சேர்றேன் மேடம்."

"ஏன்?"

"அவங்க பேச்சு நிக்கவே இல்ல மேடம்."

மேடம் அவளையே பார்த்தார். "சுவத்துல எழுதினதுக்காக இல்லையே?"

"அதுவும் வேணும் மேடம். ஆனா அது ரெண்டாவது. அப்புறம்... வரையறத விட மாட்டேன். ஞாயித்துக்கிழமை மட்டும்னும் இல்ல. நேரத்த நான் எப்படியாவது உண்டாக்கிக்குவேன்."

"உண்டாக்கு, பாக்கலாம்," என்றார் மேடம். அது அவருடைய வாழ்த்து.

பேருந்து நிறுத்தத்தில் கூரைக்குக் கீழே நின்றாள். மழை சன்னமாக விழுந்துகொண்டிருந்தது. தெருவைத் தாண்டி ஒருவன் நனைந்துகொண்டே வந்தான். யாரென்று பார்க்க வேண்டிய அவசியமில்லை. வந்து நாலடி தள்ளி நின்றான்.

"சேர்ந்துட்டீங்களா?"

"சேர்ந்துட்டேன். உங்க மூக்க உடைக்கறதுக்காக இல்ல. ராத்திரி அப்படித்தான் நினைச்சேன். அப்புறம் விட்டுட்டேன்."

"நேத்து நான் சொன்னது பொய்ங்க," என்றான் அவன்.

"எது?"

"ஒத்துவராதுன்னு சொன்னது. அந்த அம்மா தப்பா எடுத்தப்ப நான் உங்க முகத்தத்தான் பார்த்தேன். எங்க தப்பாச்சுன்னு தேடிக்கிட்டிருந்தீங்க. ஒத்துவராதவங்க அந்த நேரத்துல அதைத் தேட மாட்டாங்க. எனக்கு அது தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் போகச் சொன்னீங்க?"

அவன் ஈரத் தலையைக் கையால் கோதினான்.

"எனக்கு எந்த ஊர்ல வேலைன்னு நீங்க கேக்கவே இல்ல..."

"எந்த ஊரு?"

சொன்னான். அவளுக்கு இடம் தந்திருந்த ஓவியக் கல்லூரி இருக்கிற அதே ஊர்.

அவளுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. புரிந்ததும் கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில் வேறொன்றும் குபுகுபுவென்று வந்தது. அதைப் பல்லைக் கடித்து அடக்கினாள்.

"ஆக... என் படிப்ப உங்க வசதிக்குத் தீர்மானம் பண்ணியிருக்கீங்க."

"ஆமாம்."

"எங்க அண்ணனாவது என் நல்லதுக்குன்னு நினைச்சுச் சொன்னான்."

"நான் என் நல்லதுக்குத்தான் சொன்னேன்," என்றான். சாக்குச் சொல்லவில்லை, குழையவுமில்லை. "பிடிச்சிருக்குன்னு சொல்லியிருக்கணும். அதுக்குத் தைரியம் இல்லாம ஒத்துவராதுன்னு சொல்லிட்டேன். ராத்திரி பூரா தூக்கம் இல்ல. உங்கள எனக்குப் பிடிச்சிருக்கு. ரொம்பப் பிடிச்சிருக்கு. நீங்க இங்கயே படிக்கறதும் பிடிச்சிருக்கு... முதல்ல சொன்னது தானா வந்தது. ரெண்டாவது சொன்னத இப்பத்தான் கஷ்டப்பட்டு வரவழைச்சிருக்கேன்."

அந்தச் சின்ன இடது கண்ணில் மழைத் தண்ணீரா வேறெதுவுமா என்று தெரியவில்லை. அளக்கிற புத்தி அவளைவிட்டு எங்கோ போயிருந்தது.

பேருந்து வந்து நின்றது. அவள் ஒரு காலைப் படியில் வைத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

"நல்லாக் கேட்டுக்குங்க. நான் படிக்கப்போறது இங்கதான். உங்களுக்காக அந்த ஊருக்கு வர மாட்டேன். எனக்காக நீங்க அந்த வேலைய விடவும் கூடாது."

அவன் தலையசைத்தான். முகம் வாடிப்போயிருந்தது. "சரி," என்றான்.

"ஏறும்மா! உள்ள வா, இல்ல இறங்கு!" என்று நடத்துனர் அதட்டினார்.

"ஒரு நிமிஷம் சார், முக்கியமா பேசிக்கிட்டிருக்கேன்!" என்று அவள் திருப்பி அதட்டியதில் பேருந்தே எட்டிப் பார்த்தது. பார்க்கட்டும்! அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

"எங்க படிக்கணும்ங்கறத நானே முடிவு பண்ணிட்டேன். இன்னொண்ணும் நானே முடிவு பண்ணியிருக்கேன். யாரும் சேருன்னும் சொல்லல, வேண்டாம்னும் சொல்லல. நீங்க இப்ப வந்து சொல்றதுக்கு முன்னாடியே பண்ணினது... எனக்கும் உங்களப் பிடிச்சிருக்கு. நீங்க எந்த ஊர்ல இருந்தாலும் பிடிச்சிருக்கும்."